சுண்ணச் செம்பாசியின் பெயர் வரலாறு: போரோலித்தான் ஒன்கோடஸ் குறித்து ஓர் ஆய்வு

மெர்சிங் துறைக்குக் கிழக்கே தென்சீனக் கடலில் விளங்கும் ரவா, பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், அவுர் முதலிய ஜொகூர்த் தீவுகளின் பவளத்திட்டுகளில், உடைந்த பவளத் துண்டுகளைப் பிணைத்துப் பாறையாக்கும் இளஞ்சிவப்புப் படலங்கள், கல்லென்றே கருதத்தக்க தோற்றமுடையவையாயினும், தாவர வர்க்கத்தைச் சேர்ந்த செம்பாசிகளே என்பது 1837இல் பிலிப்பி காட்டிய நாள்தொட்டு ஐயத்திற்கு இடமற்ற செய்தி. இந்தோ-பசிபிக் கடல்களெங்கும் அலை மோதும் திட்டு விளிம்பில் காணப்படும் பருத்த படலத்தைப் போரோலித்தான் ஒன்கோடஸ் என்றழைப்பது நெடுங்கால வழக்கம். அவ்வழக்கின் பிரமாணம் யாது என்பதே இங்கு விசாரணைக்குரியது.

இவ்விஷயத்தில் பென்ரோஸ், வோல்கர்லிங் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட அபிப்பிராயத்தை ஒதுக்கிவிட்டுச் செல்ல இயலாது. வித்தறையின் துவாரத்தைச் சூழ்ந்த அணுக்கள் எங்கிருந்து தோன்றி எத்திசையில் வளர்கின்றன என்பதையே பிரதான லட்சணமாகக் கொண்ட அவர்கள், அதன்படி ஒன்கோடஸும் ஹைட்ரோலித்தான் ரைன்போல்டியும் ஒத்திருத்தலால், போரோலித்தானைத் தனிப் பேரினமாக நிறுத்த நியாயமில்லை என்று முடிவுசெய்து, அதனை ஹைட்ரோலித்தானில் அடக்கினர். அவர்களுடைய நுண்ணோக்கி அவதானம் பழுதற்றது. அதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும் நார்வே நாட்டு அறிஞர் ஃபோஸ்லி எந்த லட்சணத்தைக் கண்டு போரோலித்தானைப் பிரித்தாரோ, அதனை, அதாவது பருத்த ரோம அணுக்கள் இடையில் வேறு இழையின்றி நெருங்கிக் கிடைமட்டமாக விரிந்து ஒரு களம்போல் அமைதலை, பேரினப் பிரிவுக்குப் போதாதென்று அவர்கள் தள்ளியதே என் ஆட்சேபத்துக்கு உரியது. ஒரு லட்சணத்தைத் தலைமையாக்கி மற்றொன்றைக் கீழ்ப்படுத்துவதற்கு அவர்களிடம் உருவமன்றி வேறு சாட்சியம் இல்லை. உருவத்தை உருவத்தால் நிறுக்கும்போது துலாக்கோல் எப்பக்கம் சாய்வதும் நிறுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

வெளியிலிருந்து வந்த சாட்சியம் 2011இல் கிட்டியது. காட்டோ, பாபா, சுடா ஆகிய மூவரும் ரைபோசோம் சிற்றலகு மரபணுவையும் பசுங்கணிகத்தின் பி.எஸ்.பி.ஏ. மரபணுவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, ஒன்கோடஸ் ஹைட்ரோலித்தானோடு சேராமல், போரோலித்தான் கார்டினெரியுடன் ஒரு தனிக் கிளையாய்ப் பிரிந்து நின்றது. அக்கிளையை அடையாளம் காட்டும் லட்சணங்களுள், முன்பு தள்ளப்பட்ட அந்த ரோம அணுக் களமும் ஒன்று. பேரினம் மீண்டும் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் வயதை ஃபோஸ்லி உட்பேரினமாக வகுத்த 1906இலிருந்து கணக்கிடுவதா, பேரினமாக உயர்த்திய 1909இலிருந்து கணக்கிடுவதா என்பது நோக்குக்கேற்ப மாறும். கருத்து முந்தியது, தகுதி பிந்தியது என்ற அளவில் நிறுத்துகிறேன். டி.என்.ஏ. கண்ணை வென்றது என்று இதைச் சொல்வோர் உண்டு. கண்டதைக் கைவிட்ட ஒரு வாசிப்பை டி.என்.ஏ. திருத்தியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி மூலமாதிரிக்கு வருவோம். ஹைட்ரிச் 1897இல் ஒன்கோடஸ் இனத்தை விவரித்தது நியூகினியின் டாமித் தீவில் பாம்லர் சேகரித்த பாசியைக் கொண்டு. அது கடலிலிருந்து எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதை வெளியீட்டு ஆண்டுக்கு முன் என்பதற்கு மேல் வரையறுக்க நான் துணியேன். பெர்லினிலிருந்த ஹைட்ரிச்சின் சேகரிப்பு இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. ஆதலால் அப்பாசியிலிருந்து ஃபோஸ்லியின் ட்ராண்ட்ஹைம் காப்பகத்தை அடைந்து எஞ்சிய பகுதிக்கு அதன் அளவுக்கு மிஞ்சிய கௌரவம் வாய்த்தது. இத்தகைய பழைய மாதிரிகளின் டி.என்.ஏ. சிதைந்தும் அயற்கலப்புற்றும் இருக்குமாதலால் அதனை நம்பலாகாது என்று சாண்டர்ஸும் மெக்டெவிட்டும் 2012இல் எச்சரிக்க, ஹியூயியும் காபிரியல்சனும் உடனே மறுத்தெழுதினர். எச்சரிக்கையின் நியாயத்தை நான் முற்றும் ஒப்புகிறேன்; ஆனால் அதிலிருந்து மூலமாதிரியையே தொடாதிருத்தல் நலம் என்ற முடிவுக்கு எவரேனும் செல்வாராயின், பெயர் எந்த உயிருக்கு உரியது என்று தீர்மானிக்கும் ஒரே பற்றுக்கோட்டையும் அவர் அறுத்துவிடுகிறார் என்பேன். கலப்பு நேர்ந்திருப்பின், கிடைக்கும் வரிசை வேறொரு பாசிக் கூட்டத்தில் போய் விழுந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். போரோலித்தானுக்குள்ளேயே ஒரு திட்டமான இடத்தில் அமையும் வரிசையைக் கலப்பென்று கூற வலுவான காரணம் வேண்டும்.

2018இல் காபிரியல்சன், ஹியூயி, டியாஸ்-புலிடோ ஆகியோர் மூலமாதிரியோடு ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, ஒன்கோடஸ் என்ற ஒரே பெயரின் கீழ் இருபதளவிலான இனங்கள் மறைந்திருப்பதை வெளிப்படுத்தியது. பேரினத்தைக் காத்த ரோம அணுக் களம் இனங்களைப் பிரிக்க உதவவில்லை. அது அவை அனைத்திற்கும் பொது. பென்ரோஸும் வோல்கர்லிங்கும் அந்த லட்சணத்தின்மீது கொண்ட ஐயம் பேரின அளவில் தவறியும் இன அளவில் பலித்தது என்பதை அவர்கள்பால் நீதியாகச் சொல்லவேண்டும்.

ஆகவே ஜொகூர்த் தீவுகளின் அலைவிளிம்பில் எடுக்கும் படலத்துக்கு உருவம் ஒன்றையே கொண்டு ஒன்கோடஸ் என்று பெயரெழுதுவது இனி செல்லாது. டாமித் தீவு மாதிரியின் வரிசையோடு அது ஒத்தாலன்றி, போரோலித்தான் என்ற பேரினப் பெயரோடு நிறுத்துவதே முறை. ஒவ்வாத இனங்களுக்கோ புதுப் பெயர் சூட்ட விரைதலும் தகாது. ஒன்கோடஸின் மறுபெயர்களென்று பின்னாளில் ஒடுக்கப்பட்ட பழம்பெயர்கள் ஒவ்வொன்றின் மூலமாதிரியையும் முதலில் வரிசைப்படுத்தவேண்டும், ஏனெனில் நாமகரண விதிப்படி முந்திப் பிரசுரமான பெயருக்கே உரிமை.