றோ.க.த.க. பாடசாலை

யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் படித்த எமக்கு இந்த எழுத்துகள் அந்நியமல்ல: றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. 1960 டிசம்பரில் வந்த சட்டம் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றியது. மேற்குக் கரையில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்திருந்து மறித்தனர். பெரிய கல்லூரிகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தப்பின. எங்கள் ஓலைக் கொட்டிலுக்கு ஏது அந்த வசதி? ஆனாலும் பெயர்ப்பலகை மாறவில்லை.

நாளாந்த ஒழுங்கும் மாறவில்லை. காலையில் செபம், இடாப்பு, பிறகு வாய்பாடு. மதியம் கோயிலில் திரிகால மணி அடித்தால் கரும்பலகைக் கணக்கும் நின்றுவிடும். ஞானோபதேச நேரத்தில் சைவப் பிள்ளைகள் வேம்பின் கீழ் விளையாடுவார்கள். எமக்கு அவர்கள்மேல் பொறாமைதான். துக்கமணி கேட்டால் யார் வீடென்று அறிய வாத்தியார் ஒரு பெடியனை அனுப்புவார். மீன் பட்ட நாளில் கடைசி வாங்கு வெறுமையாகும். திருவிழாக் கொடியேற்றத்தன்று முழுப் பள்ளியும்.

இவையெல்லாம் சம்பவத் திரட்டில் எழுதப்பட்டிருந்தன. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியபோது அந்தப் புத்தகத்தை யாரும் தூக்கவில்லை. பள்ளியில் சேர்ந்த ஆண்டைக் கேட்டால் "புயலுக்கு முந்தின வருசம்" என்றுதான் இப்போது எம்மவர் சொல்கிறோம். புயல் அடித்தது 1964 மார்கழியில். ஆகவே, 1963.