உயிர்காப்புப் படகிலிருந்து ஒரு கல்விக் கோட்பாடு

இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் வணிகக் கப்பல்கள் ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்க்கப்பட்டன. புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தின் பங்குதாரரான லாரன்ஸ் ஹோல்ட்டை அப்போது ஒரு செய்தி அலைக்கழித்தது. மூழ்கும் கப்பலிலிருந்து உயிர்காப்புப் படகுக்கு மாறியவர்களில் உடல்வலுவுள்ள இளம் மாலுமிகள் மடிந்துபோகிறார்கள். பாய்மரக் காலத்தில் கடலோடிப் பழகிய முதியவர்கள் பிழைத்துக் கரைசேர்கிறார்கள் என்பதே அது. இளைஞர்களிடம் குறைந்திருப்பது வலு அன்று, தன்மீதான நம்பிக்கையே என்று ஹோல்ட் முடிவுசெய்தார். முறையான ஆய்வு எதுவும் தந்த முடிவல்ல இது. கடலறிந்த ஒருவரின் கணிப்பு. கடலையும் மலையையும் வகுப்பறையாகக் கொள்ளும் சாகசக் கல்வி என்னும் துறையின் அடித்தளத்தில் கிடப்பது இந்தக் கணிப்புதான்.

அவருக்குத் துணையாக வாய்த்தவர் குர்ட் ஹான். 1941இல் வேல்ஸின் அபர்டோவி என்னும் கடலோர ஊரில் இருவரும் தொடங்கிய பள்ளிக்கு ‘அவுட்வர்டு பவுண்ட்’ என்று பெயர். துறைமுகம் விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது. பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். கடலுக்காகப் பயிற்றுவதைவிடக் கடலைக்கொண்டு பயிற்றுவதே நோக்கம் என ஹோல்ட் கருதினார். (நிலத்துக்கும் ஒழுக்கத்துக்குமான உறவை இங்கே இழுத்துவந்து திணைக் கோட்பாட்டோடு முடிச்சுப் போடும் ஆசை ஒரு தமிழ் ஆசிரியனுக்கு எழாமல் இருக்காது, அடக்கிக்கொள்கிறேன்.)

ஹானைப் புரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போகவேண்டும். 1886இல் பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1920இல் இளவரசர் மாக்ஸுடன் சேர்ந்து சாலெம் என்னும் ஊரில் பள்ளி நிறுவினார். 1932 ஆகஸ்டில் பொடெம்பா கிராமத்தில் நாஜிப் படையினர் ஒரு கம்யூனிஸ்டுத் தொழிலாளியை அவருடைய தாயின் கண்ணெதிரே அடித்துக் கொன்றனர். மரணதண்டனை விதிக்கப்பட்ட கொலையாளிகளுக்கு ஆதரவாக ஹிட்லர் தந்தி அனுப்பினார். ஹிட்லரா, சாலெமா, இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்று ஹான் தம் பழைய மாணவர்களுக்கு எழுதினார். 1933இல் சிறை, பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் தலையீட்டால் விடுதலை, பிறகு பிரிட்டன். 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளி எழுந்தது.

இந்த வரலாற்றைத் தவிர்த்துவிட்டு ஹானின் கோட்பாட்டைப் படிப்பவர்கள் அதன் நெஞ்சைத் தவறவிடுகிறார்கள் என்பது என் துணிபு. மலையேற்றமும் பாசறை வாழ்வும் தீ மூட்டிப் பாடும் தோழமையும் ஹிட்லரின் இளைஞர் அணியிலும் இருந்தன. துணிவும் கட்டொழுங்கும் மட்டுமே கல்வியின் பயன் என்றால் பொடெம்பாவின் கொலையாளிகளைக் கண்டிக்க ஹானிடம் சொல் இருந்திருக்காது. இளையோரிடம் நலிந்துவருவனவாக அவர் பட்டியலிட்டவற்றுள் உடல்திறன், முன்முயற்சி, நினைவாற்றல் முதலியன உண்டு. எனினும் எல்லாவற்றிலும் கொடிய நலிவு இரக்கத்தின் நலிவே என்றார். அதற்கு அவர் கண்ட மருந்து மீட்புப்பணி.

அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1906இல் ஆற்றி 1910இல் அச்சான உரையொன்றில், போர் மனிதரிடம் எழுப்பும் ஈகையையும் வீரத்தையும் கொலையின்றி எழுப்பவல்ல மாற்று எது என்று கேட்டிருந்தார். இளைஞர்களை இயற்கையோடு போராடும் படையாகத் திரட்டலாம் என்பது ஜேம்ஸின் விடை. உயிரைக் காக்கும் வேட்கை போர் வேட்கையைவிட ஆழமானது என்பது ஹானின் விடை. இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் எதிரி இருக்கிறான், அவன் பெயர் இயற்கை. பின்னதில் எதிரி என்று யாருமில்லை, ஆபத்தில் இருக்கும் அயலான்தான் இருக்கிறான்.

1960களின் தொடக்கத்தில் இந்த இயக்கம் கொலராடோ மலைகளுக்குச் சென்றது. அங்கே அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்கள் வால்ஷும் கோலின்ஸும் (1976). பழகாத நிலம், சிறு குழு, தீர்த்தே ஆகவேண்டிய சிக்கல். இவற்றால் கற்பவரின் மனச்சமநிலை குலைகிறது, சிக்கலை வென்றதும் தன்னைப் பற்றிய புதிய பொருள் பிறக்கிறது என்பது அவர்கள் வரைந்த வரிசை. தெளிவான வரிசை, நான் மதிக்கிறேன். ஆயினும் அதில் மையம் கற்பவரின் தன்மதிப்புதான். மீட்கப்படவேண்டிய அயலானுக்கு அங்கே தனியிடம் இல்லை.

பின்னர் எழுந்த விவாதம் பெரிதும் பயிற்றுநரைச் சுற்றியே நடந்தது. மலைகளே பேசட்டும் என்று ஒரு சாரார். அனுபவத்தை அமர்ந்து உரையாடினால்தான் அது கல்வியாகும் என்று, ஜான் டூயியின் வழியில், இன்னொரு சாரார். 2003இல் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ புரூக்ஸ் வேரிலேயே கைவைத்தார். மனித நடத்தை பெரிதும் சூழலைப் பொறுத்தது. மலையில் பொறுமைசாலியாக இருந்தவர் ஊர் திரும்பியும் அப்படியே இருப்பார் என்பதற்கு ஆதாரமில்லை, குணநலனை வார்ப்பது என்ற பேச்சே ஐயத்துக்குரியது என்றார். வலுவான அடி இது. ஹோல்ட்டின் முதிய மாலுமிகளையே எடுத்துக்கொள்வோம்: அவர்கள் பிழைத்தது ஆண்டுக்கணக்கான பழக்கத்தால். ஒரே மாதத்தில் அதை ஊட்டிவிடலாம் என்பது பெரும் தாவல்.

ஆனால் மீட்புப்பணியை இந்த அடி அவ்வளவாகத் தொடுவதில்லை. கரைசேர்க்கப்பட்டவருக்கு, தம்மைக் காத்த மாணவனின் குணம் நிலைத்ததா என்பது பொருட்டல்ல. 1962இல் ஹானின் கருத்துகளைக்கொண்டு வேல்ஸில் அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்டது. கடற்கரையில் மீட்புப்பணியில் ஈடுபட்ட மாணவர்கள், முதல்வராயிருந்த கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோருடன் சேர்ந்து, அலைக்கும் பாறைக்கும் தாக்குப்பிடிக்கும் படகுக்காகப் பல மாதிரிகளைச் செய்தும் உடைத்தும் பார்த்தனர். கட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட படகு அப்படி உருவானது. 1970களில் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம் அதைப் பணியில் சேர்த்தபோது ‘அட்லாண்டிக் 21’ என்று அந்தக் கல்லூரியின் பெயரையே சூட்டியது.