நுண்செயலி மாற்றமும் தமிழ்க் குறியேற்ற மாற்றமும்: மேசைக் கணினியின் ஆயுள் வரலாறு (1981–2025)

ஆய்வுச் சுருக்கம்

பழைய மேசைக் கணினியின் நுண்செயலியை மட்டும் மாற்றி அதன் பயன்பாட்டுக் காலத்தை நீட்டிக்கும் வழக்கம், வன்பொருள் பழுதுபார்ப்போர்க்கு உரிய செய்தியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. 8 பிட் குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்குத் தமிழ் பெயர்ந்த வரலாற்றோடு இவ்வழக்கத்தை இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நுண்செயலி மாற்றம் கணினியின் விரைவைக் கூட்டியது; அதே வேளையில் பழைய மென்பொருளையும் பழைய குறியேற்றத்தையும் நீடிக்கச் செய்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நுண்செயலி, பொருத்துவாய், தாய்ப்பலகை, ஒருங்குறி, திஸ்கி, பாமினி, சேத்தியாத்தோப்பு.

முன்னுரை

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு, சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர்ச் சாலையும் சந்திக்கும் ஊர். வெள்ளாற்று அணைக்கட்டாலும் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் அறியப்படுவது. இத்தகைய சிற்றூர்களில் கணினித் தமிழ் முதலில் புழங்கிய இடம் தட்டச்சகமும் அச்சகமுமே. திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கோயில் திருவிழா அறிவிப்பு, மனு ஆகியவை அங்கு உருவாகின்றன. நாளை வட்டார வரலாறு எழுதுவோர்க்கு இவை முதன்மைச் சான்றுகள். அச்சான்றுகள் எக்குறியேற்றத்தில் சேமிக்கப்பட்டன என்னும் வினாவுக்கு விடை காண, அவற்றை உருவாக்கிய கணினிகளின் ஆயுளையும் அறிய வேண்டியுள்ளது.

1. மாற்றத்தக்க உறுப்பாக நுண்செயலி

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியில் 4.77 மெகாஹெர்ட்ஸ் விரைவுடைய இன்டெல் 8088 நுண்செயலி இடம்பெற்றது. அதனருகே 8087 கணிதத் துணைச்செயலிக்கென ஒரு வெற்றுப் பொருத்துவாயும் (சாக்கெட்) விடப்பட்டிருந்தது. வாங்கிய பின்னரும் கணினியின் திறனைக் கூட்டலாம் என்பதற்கு இவ்வெற்றிடம் தொடக்ககாலச் சான்றாகும். 1984இல் என்இசி நிறுவனம் வெளியிட்ட வி20, 8088இன் இடத்திலேயே பொருந்தக்கூடியது. ஆகவே ஒரு நிறுவனத்தின் நுண்செயலியை எடுத்துவிட்டு மற்றொன்றின் நுண்செயலியைப் பொருத்தவும் இயன்றது.

486 வரிசை 1989இல் வந்தது. 1992 முதல் இன்டெல் நிறுவனம் ‘ஓவர்டிரைவ்’ என்னும் பெயரில் மாற்று நுண்செயலிகளைத் தனியே விற்றது. நெம்புகோலை உயர்த்தி, விசையின்றி நுண்செயலியை எடுத்துப் பொருத்தும் பொருத்துவாய்கள் இம்மாற்றத்தை எளிதாக்கின. சாக்கெட் 7 இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் நுண்செயலிகளுக்கும் பொதுவாக அமைந்தது.

எனினும் பொருந்துவன எல்லாம் இயங்குவன அல்ல. மின்னழுத்தம், தாய்ப்பலகையின் சில்லுத்தொகுதி, பயாஸ் ஆகிய மூன்றும் ஒத்துவரல் வேண்டும். தொடக்கப் பென்டியம் நுண்செயலிகளில் 75 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவை ஏறத்தாழ 3.3 வோல்ட்டில் இயங்கின. பென்டியம் எம்எம்எக்ஸ் நுண்செயலியின் உட்பகுதிக்கோ 2.8 வோல்ட் தேவைப்பட்டது. இருவகை மின்னழுத்தம் தரவியலாத தாய்ப்பலகையில் அதனை நேரடியாக இயக்குதல் இயலாது.

2. ஒருங்குறியின் வாயிலில் நின்ற கணினிகள்

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் தமிழ் ஒருங்குறிக்கான ஆதரவை இயல்பாகவே கொண்டிருந்த முதல் விண்டோஸ், 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000 ஆகும். இடைப்பட்ட காலத்தில் திஸ்கி, பாமினி முதலிய 8 பிட் முறைகள் பரவின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து டேம், டேப் குறியேற்றங்களைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைத் தொடக்க ஆண்டுகளில் 8 பிட் முறைகளிலேயே வெளியிட்டது.

இங்கு வன்பொருள் வரலாறு குறுக்கிடுகிறது. விண்டோஸ் 98க்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சத் தகுதி 66 மெகாஹெர்ட்ஸ் 486 நுண்செயலியும் 16 எம்பி நினைவகமும் ஆகும். விண்டோஸ் 2000 கேட்டதோ 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 64 எம்பி நினைவகமும். 2001இல் வந்த எக்ஸ்பி 233 மெகாஹெர்ட்ஸைக் கேட்டது.

இவ்வெண்களை நுண்செயலி மாற்றத்தின் எல்லைகளோடு ஒப்பிடுக. 486 கணினிக்கு இன்டெல் தந்த பென்டியம் ஓவர்டிரைவின் உச்ச விரைவு 83 மெகாஹெர்ட்ஸ். எனவே அம்மாற்றத்தைச் செய்தவரும் அறிவிக்கப்பட்ட தகுதியை எட்டவில்லை. சாக்கெட் 7 கணினியில் 75 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வைத்திருந்தவர் 133 அல்லது 200 மெகாஹெர்ட்ஸ் நுண்செயலிக்கு மாறி, நினைவகத்தையும் கூட்டினால் விண்டோஸ் 2000ஐ எட்டலாம். எக்ஸ்பி கேட்ட 233ஐ எட்டுவதற்கு எம்எம்எக்ஸ் போன்ற பிந்தைய நுண்செயலியும் அதனை ஏற்கும் தாய்ப்பலகையும் தேவைப்பட்டன. நினைவகத்திற்கும் வரம்பு இருந்தது. இன்டெல் 430டிஎக்ஸ் சில்லுத்தொகுதி 256 எம்பி வரை ஏற்றபோதிலும், முதல் 64 எம்பிக்கு மட்டுமே இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகத்தின் பயனை அளித்தது.

3. விரைவு கூடியது, எழுத்து மாறவில்லை

வன்பொருள் வரம்பு ஒன்றையே காரணமாகக் கொள்வது பிழையாகும். அச்சகங்களில் பெரிதும் புழங்கிய பேஜ்மேக்கர், 2001இல் வந்த தன் 7ஆம் பதிப்பிலும் ஒருங்குறியை ஆதரிக்கவில்லை. ஆதலின் திறன்மிக்க பென்டியம் 4 கணினியிலும் அச்சகத் தமிழ் 8 பிட் எழுத்துருவிலேயே தொடர்ந்தது.

இவ்விடத்தில்தான் நுண்செயலி மாற்றத்தின் இரட்டைத் தன்மை புலப்படுகிறது. வன்தட்டு, இயங்குதளம், எழுத்துரு, விசைப்பலகைப் பழக்கம் ஆகிய எவற்றையும் தொடாமல் விரைவை மட்டும் கூட்டுவதே இம்மாற்றத்தின் சிறப்பு. குறைந்த முதலீட்டில் தொழில் நடத்திய சிற்றூர் அச்சகத்தார்க்கு அது பெருநன்மை. ஆயின் புதிய கணினி வாங்கும்போது எழக்கூடிய குறியேற்றப் பெயர்ச்சி என்னும் கட்டாயம் இம்மாற்றத்தால் தள்ளிப்போயிற்று. 2010 ஜூன் மாதம் ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்த பின்னரும், அச்சுத்துறையில் பழைய எழுத்துருக்கள் நீடித்தமைக்கு இத்தொடர்ச்சியும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

4. மீண்டும் ஒரு வாயில்

2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, இன்டெல் வரிசையில் பொதுவாக 8ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது. 2015இல் வந்த எல்ஜிஏ 1151 பொருத்துவாயில் 6, 7ஆம் தலைமுறை நுண்செயலிகள் அமைந்தன. 2017இல் 8ஆம் தலைமுறையும் அதே எண்ணுடைய பொருத்துவாயிலேயே வந்தது. எனினும் முந்தைய தாய்ப்பலகைகளுக்கு இன்டெல் அதனை அனுமதிக்கவில்லை. பெயர் ஒன்றாயினும் பொருத்தம் இல்லை. ஏஎம்டியின் ஏஎம்4 பொருத்துவாயோ 2016 முதல் பல தலைமுறைகளைத் தாங்கியது. 2020இல் புதிய நுண்செயலிகளை 400 வரிசைத் தாய்ப்பலகைகளுக்கு மறுக்க எண்ணிய அந்நிறுவனம், பயனர் எதிர்ப்பால் முடிவை மாற்றிக்கொண்டது. எனவே, மாற்றத்தின் எல்லையைப் பொறியியல் மட்டுமன்றி வணிக முடிவும் வரையறுக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. முந்தைய வாயிலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று தமிழ் ஒருங்குறி லினக்ஸ் உள்ளிட்ட எல்லா முதன்மை இயங்குதளங்களிலும் இயங்குகிறது. ஆகவே புதிய விண்டோஸை ஏற்காத கணினியும் தமிழெழுதத் தகுதியுடையதே. அக்கணினிகளைக் கழிக்கும்போது அவற்றின் வன்தட்டுகளில் உள்ள 8 பிட் கோப்புகளும் உடன் கழிக்கப்படும் என்பதே உண்மையான இடர். உரிய எழுத்துரு இன்றிப் பாமினிக் கோப்பைத் திறப்பவர்க்கு உரோமன் எழுத்துகளின் குவியலே தோன்றும்.

முடிவுரை

நுண்செயலி மாற்றம் சிற்றூர்க் கணினியின் ஆயுளை நீட்டித்தது. அந்நீட்டிப்பு பழைய குறியேற்றத்தின் ஆயுளையும் நீட்டித்தது. முதலாவது பொருளாதார நன்மை. இரண்டாவது ஆவணவியல் சிக்கல். ஆதலின் வட்டார வரலாற்று ஆய்வாளர் அச்சிட்ட தாளைத் திரட்டுவதோடு அமையாது, அதன் மூலக் கோப்பு, எழுத்துருவின் பெயர், உருவாக்கிய மென்பொருள், கணினியின் அமைப்பு ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். மூலக் கோப்பை அழிக்காமல் ஒருங்குறிப் படி ஒன்றை உருவாக்கி, இரண்டையும் சேர்த்துப் பேணுதல் தகும். சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களின் அண்மைக்கால வரலாறு, ஏட்டுச்சுவடிக்கு நாம் தரும் கவனத்தைப் பழைய வன்தட்டுக்கும் தருவதைப் பொறுத்தே அமையும்.