ஏரியில் எழுந்த அங்காடி

மாணவ நண்பர்களே, காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் கூறும் செய்திகளுள் ஒன்று என் நெஞ்சில் நெடுநாளாகப் பதிந்து நிற்கிறது. அந்நகர் இரு பாக்கங்களாகப் பிரிந்திருந்தது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் வாணிகரும் தொழில் வல்லோரும் வாழ்ந்தனர். உள்ளே அமைந்த பட்டினப்பாக்கத்தில் அரசரும் அந்தணரும் பெருஞ்செல்வரும் வாழ்ந்தனர். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு சோலை இருந்தது. அச்சோலையின் மரங்களே தூண்களாக நிற்க, அவற்றின் நிழலில் நாளங்காடி கூடிற்று. ஆக, செல்வர் வாழும் இடம் வேறு, பொருள் விற்கும் இடம் வேறு, இரண்டும் சந்திக்கும் இடம் வேறு என்று நம் முன்னோர் வகுத்து வைத்திருந்தனர்.

நம் காலத்தில், நம் கண்முன்னே, ஒரு பட்டினப்பாக்கம் மருவூர்ப்பாக்கமாக மாறிய வரலாறு ஒன்று உண்டு. அதுவே சென்னைத் தியாகராய நகரின் வரலாறு. அதனைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அரசர்களையும் போர்களையும் கூறுவது மட்டும் வரலாறு ஆகாது. மக்கள் எங்கே வாழ்ந்தனர், எதை வாங்கினர், அதை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் யார் என்பதும் வரலாறே ஆகும்.

மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ சாலை’ என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் சாலை என்பது அதன் பொருள். அச்சாலையில் நின்று எத்திசையில் நோக்கினும் வீடுகளும் கடைகளுமே தென்படும். ஏரியைக் காண இயலாது. நுங்கம்பாக்கத்திலும் ‘ஏரிப் பகுதி’ என்ற பெயர் வழங்குகிறது. அங்கும் ஏரி இல்லை. பெயர் மட்டும் நிலைத்துப் பொருள் மறைந்த இடங்களில் வரலாற்று மாணவன் சற்று நின்று ஆராய வேண்டும்.

ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரையில், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நீண்டதொரு நீர்ப்பரப்பு கிடந்தது. ஆங்கிலேயர் அதனை நீண்ட ஏரி என்றே அழைத்தனர். அதன் மேற்குக் கரையில் மாம்பலம் ஒரு சிற்றூராக இருந்தது. வயலும் தோப்புமாக விளங்கிய அவ்வூரைச் சென்னை நகரத்தின் ஒரு பகுதி என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நகரம் பெருகப் பெருக மனைகள் தேவைப்பட்டன. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னர், 1920-களின் முற்பகுதியில், மாம்பலத்து ஏரி வற்றச் செய்யப்பட்டு, அந்நிலத்திலும் அதனைச் சூழ்ந்த நிலத்திலும் ஒரு புதிய குடியிருப்பு வகுக்கப்பட்டது. நடுவே ஒரு பூங்கா. அதனைச் சுற்றி அகன்ற சாலைகள். சாலைகளின் இருமருங்கிலும் கிரவுண்டுக் கணக்கில் அளந்து விட்ட மனைகள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. பல கிரவுண்டுகளை ஒருங்கே வாங்கி, நடுவில் வீடும், சுற்றிலும் மாவும் தென்னையும் வைத்து வாழ்ந்தவர்கள் இங்குக் குடியேறினர். வழக்கறிஞர்களும், அரசாங்க அதிகாரிகளும், மருத்துவர்களும், பிற்காலத்தில் திரைப்படக் கலைஞர்களும் இங்கு வந்தனர்.

அது நீதிக் கட்சியின் ஆட்சிக்காலம். ஆகவே, இந்நகரின் சாலைப் பெயர்களைப் படிப்பது அக்கட்சியின் உறுப்பினர் பட்டியலைப் படிப்பது போன்றதாகும். பூங்கா, 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயரைப் பெற்றது. உஸ்மான் சாலை, 1934-இல் தற்காலிக ஆளுநராகவும் விளங்கிய முகமது உஸ்மானை நினைவூட்டுகிறது. நடேச முதலியார் பெயரில் ஒரு பூங்கா உண்டு. நகர் முழுமைக்கும் சர் பிட்டி தியாகராயர் பெயர் வாய்த்தது. அவர் 1916-இல் நீதிக் கட்சியைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1920-இல் மாநகராட்சிப் பள்ளியொன்றில் ஏழைக் குழந்தைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தொடங்கியவர். அவரே நெசவுத் தொழிலை நடத்தியவரும் ஆவார். துணிக்கு இன்று பெயர்பெற்று விளங்கும் ஒரு நகர், தறிகளின் ஓசையை அறிந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது வியப்பான பொருத்தமன்றோ!

அக்கால வாழ்வு எத்தகையது? பெரும்பொருள் வாங்க வேண்டுமாயின், இந்நகரத்தார் வெளியே செல்ல வேண்டியிருந்தது. துணிக்கும் பாத்திரத்திற்கும் ஜார்ஜ் டவுன், பழம்பொருளுக்கும் புத்தகத்திற்கும் மூர் மார்க்கெட், சீமைச் சரக்குகளுக்கு மவுண்ட் ரோடு. அன்றாடத் தேவைகளோ வாயிலைத் தேடி வந்தன. கீரைக்காரி கூடையோடு வந்தாள்; பால்காரர் மாட்டையே ஓட்டி வந்து வாசலில் கறந்து கொடுத்தார்; துணி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவர் திண்ணையில் அதனை அவிழ்த்தார். வாங்குபவர் அமர்ந்திருக்க, விற்பவரும் திண்ணையில் அமர்ந்து பேசிய காலம் அது. இந்தச் சிறு செய்தியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. துணிக்குக் கட்டுப்பாடு, அரிசிக்குப் பங்கீடு. பல கிரவுண்டு வீட்டில் வாழ்ந்தவரும் பங்கீட்டு அட்டையைக் கையிற்கொண்டு வரிசையில் நிற்க நேர்ந்தது. 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பின்னரே அந்நிலை மாறிற்று. செல்வத்திற்கு இடையே எளிமையும் இந்நகரில் குடியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராசர், திருமலைப்பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில் வாழ்ந்தார். 1975-இல் அங்கேயே மறைந்தார். அவ்வீடு இன்று நினைவில்லம்.

இனி, அங்காடி எவ்வாறு எழுந்தது என்று காண்போம். முதற்காரணம் இருப்புப்பாதை. 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் அதில் ஒரு நிலையம். நிலையத்தில் இறங்கியோர் உஸ்மான் சாலையை அடையக் குறுகிய தெருவொன்றில் நடந்தனர். அதுவே அரங்கநாதன் தெரு. முதலில் அது வீடுகள் நிறைந்த தெருவாகத்தான் இருந்தது. நாள்தோறும் பல்லாயிரம் கால்கள் நடக்கும் வழியில் ஒரு திண்ணை கடையாவதும், கடை மாடி வைப்பதும் இயல்பே. ஆற்றின் கரையில் நாகரிகம் தோன்றியது போல, நடப்பவர் வெள்ளத்தின் கரையில் வாணிகம் தோன்றுகிறது.

இரண்டாம் காரணம் பட்டு. 1928-ஆம் ஆண்டில் நல்லி சின்னசாமி செட்டியார் இந்நகரில் காஞ்சிப் பட்டுக்கென ஒரு கடை தொடங்கினார். திருமண வீட்டார் தேடி வரும் இடமாக இந்நகர் மெல்ல மெல்ல மாறிற்று. பட்டு வந்த இடத்திற்குப் பொன்னும் வந்தது. ஆயினும் பொன்னுக்கு ஒரு தடை இருந்தது. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 1968-இல் அது தனிச் சட்டமாயிற்று. 1990-இல் அச்சட்டம் நீக்கப்பட்ட பிறகே பெரிய பெரிய நகை மாளிகைகள் எழ வழி பிறந்தது.

மூன்றாம் காரணம் மனிதர்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்த வணிகர் சிலர் சிறு பாத்திரக் கடையாகவும் துணிக்கடையாகவும் தொடங்கி, குறைந்த இலாபம், நிறைந்த விற்பனை என்ற முறையைக் கைக்கொண்டு, தளத்தின்மேல் தளமாக உயர்ந்தனர். செல்வர்க்கென வகுத்த நகருக்கு, அரைப் பவுன் வாங்க ஓராண்டு சேமித்த குடும்பங்களும் வந்து சேர்ந்தன. பாண்டி பஜாரின் நடைபாதைகளிலோ, கையில் நூறு ரூபாய் உடையவரும் நிறைவோடு வாங்கித் திரும்ப முடிந்தது.

அந்தப் பாண்டி பஜாரின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்றிச் செல்ல மறுக்கும் பேருந்துகளுக்கு இடமில்லை என்று ஆணையிட்டவர். எல்லோரும் ஏறலாம் என்று பேருந்தின் கதவைத் திறந்தவரின் பெயர், எல்லோரும் நடக்கும் ஒரு கடைத்தெருவுக்கு அமைந்தது தகுதியே.

ஆயினும் இவ்வளர்ச்சிக்கு விலையும் உண்டு. அனுமதித்த அளவை மீறிக் கட்டடங்கள் எழுந்தன. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அரங்கநாதன் தெரு முதலிய இடங்களில் பல கடைகளுக்கு அதிகாரிகள் முத்திரையிட்டனர். 2017-ஆம் ஆண்டு மே 31 அன்று உஸ்மான் சாலைத் துணிக்கடை ஒன்று தீப்பற்றிப் பல மணி நேரம் எரிந்தது. பின்னர் அப்பெருங்கட்டடம் இடிக்கப்பட்டது. தண்ணீரும் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது, இந்நகரின் பல சாலைகள் நீரில் மூழ்கின. மாம்பலம் கால்வாய் அடையாற்றை நோக்கி நீரைக் கொண்டு செல்ல இயலாது திணறியது. சாலையில் படகு செல்லும் காட்சியைக் கண்டு வியந்தவர்கள் பலர். லேக் வியூ சாலையின் பெயர்ப்பலகையைப் படித்தவர்க்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

விலையின் மற்றொரு பகுதியை நான் நேரிற் கண்டதுண்டு. என் தமக்கையின் திருமணத்திற்குப் புடவை எடுக்க, அன்னையாரோடு இந்நகரின் கடையொன்றிற்குச் சென்றிருந்தேன். நாங்கள் மெத்தை விரித்த இருக்கையில் அமர்ந்திருந்தோம். எங்களுக்குப் புடவைகளை விரித்துக் காட்டிய பெண்ணுக்குப் பதினெட்டு வயதிருக்கலாம். முப்பது புடவைகளை விரித்தாள், மடித்தாள், மீண்டும் விரித்தாள். இடையிடையே ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். என் அன்னையார், “சற்று உட்காரேன், அம்மா” என்றார். “உட்காரக் கூடாதும்மா” என்று அவள் தணிந்த குரலிற் கூறிவிட்டு, அடுத்த புடவையை எடுத்தாள். அவள் ஊர் எது என்று அன்னையார் கேட்டார். சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிற்றூர் என்றாள். அன்று நாங்கள் வாங்கிய புடவையின் நிறம் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அந்தச் சொல் நினைவில் இருக்கிறது.

இத்தகையோரின் வாழ்வை 2010-ஆம் ஆண்டில் ‘அங்காடித் தெரு’ என்ற திரைப்படம் உலகறியச் செய்தது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள், அமரும் உரிமை வேண்டிப் போராடினர். 2018-இல் அங்குச் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றமும், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திற்று. கடையில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் இருக்கை அளிக்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் அவர்கள் நின்றுகொண்டே இருக்கும்படி செய்யலாகாது என்பது அத்திருத்தத்தின் கருத்து. திண்ணையில் துணிமூட்டையை அவிழ்த்து அமர்ந்த பழைய வணிகருக்குச் சட்டமின்றியே கிடைத்த ஒன்றை, இந்தப் பெண்ணுக்கு வழங்கச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. செல்வம் வளர்ந்த அளவிற்கு மனிதரிடையே நெருக்கமும் வளரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்நகரின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

மாற்றங்கள் தொடர்ந்து நடைபெறுகின்றன. 2013-இல் பாண்டி பஜாரின் நடைபாதை வணிகர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு தனிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். 2019 நவம்பரில் அச்சாலை, நடப்பவர்க்கு முதன்மை தரும் அகன்ற நடைபாதைகளோடு புதிதாகத் திறக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. ஏரியின் மேல் வீடு, வீட்டின் மேல் கடை, கடைத்தெருவின் மேல் நடைபாதை என்று நூறாண்டில் இந்நிலம் அடுக்கடுக்காக உயர்ந்திருக்கிறது. தொல்பொருள் அறிஞர் மண்ணைத் தோண்டி அடுக்குகளைக் காண்பர். இங்கு நாம் தலை நிமிர்ந்தே அவற்றைக் காணலாம்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் பண்டிகைக்குத் துணி எடுக்க அந்நகருக்குச் செல்லும்போது, பனகல் பூங்காவில் சிறிது நேரம் நின்று, அங்கே நீர்ப்பறவைகள் இறங்கிய காலத்தை எண்ணிப் பாருங்கள். சாலைப் பெயர்களைப் படித்து, அப்பெயருடையோர் யாவர் என்று வினவுங்கள். பின்னர், கடைக்குள் சென்றதும், விலைச்சீட்டைப் பார்க்கும் முன்னர், விற்பனை மேசைக்குப் பின்னால் ஓர் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் அமர்வதற்கு அங்குள்ளவருக்கு நேரம் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.