வயதும் அரசியல் நம்பிக்கையும்

வயது ஏறும்போது ஒருவரின் அரசியல் நம்பிக்கை மாறுகிறதா, மாறினால் ஏன் மாறுகிறது என்பது அரசியல் சமூகவியலின் நெடுநாள் கேள்விகளுள் ஒன்று. இளமையில் புரட்சி பேசியவர் நரை விழுந்ததும் பழமைக்குத் திரும்புவார் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதை ஓரளவுக்கே ஏற்கின்றன. பெரும்பாலோருக்கு அடிப்படைப் பார்வை இருபதுகளின் நடுவிலேயே வேர்பிடித்துவிடுகிறது. பிற்காலத்தில் அதிகம் மாறுபவை கட்சி, கூட்டணி, வழிமுறை ஆகியவையே. தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு அரசியல் இதற்கு வளமான சான்றுகளைத் தருகிறது. அவற்றுள் பல ஆதம்பாக்கம், பரங்கிமலை, தியாகராய நகர் எனத் தென்சென்னையோடு தொடர்புடையவை.

மூன்று விளைவுகள்

ஆய்வாளர்கள் கருத்து மாற்றத்தை மூன்றாகப் பிரிப்பர். முதுமை, திருமணம், பணி, ஓய்வு ஆகியவற்றால் வருவது வயது விளைவு. இளமையில் பட்ட அனுபவம் வாழ்நாள் முழுதும் கூடவே வருவது தலைமுறை விளைவு. போர், நெருக்கடிநிலை, விலைவாசி உயர்வு போன்றவை எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் அசைப்பது கால விளைவு.

இவற்றைப் பிரித்தறிவது கடினம் என்பதை ஆதம்பாக்கத்தின் வாக்காளர் பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்தாலே உணரலாம். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் அச்சாகியிருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது 74 வயதானவர் 1947 வாக்கில் பிறந்தவர். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது அவருக்கு 18 வயது. அதே வீட்டு எண்ணில் 44 வயது மகன் இருந்தால், 1991இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியபோது அவர் 14 வயதுப் பள்ளி மாணவர். 20 வயதுப் பேத்தி, 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது 16 வயதை எட்டிக்கொண்டிருந்தவர். மூவரும் மூன்று கட்சிகளுக்கு வாக்களித்தால் அதற்கு வயது காரணமா, பிறந்த காலம் காரணமா? நடப்பாண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது என்பதால், ஒருமுறை எடுக்கும் கருத்துக்கணிப்பு இதற்கு விடை தராது. ஒரே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து சென்று கேட்டால்தான் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

ஆய்வு வரலாறு

சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் தலைமுறைகள் குறித்து 1928இல் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கப்புள்ளி. ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் ஒரு தலைமுறை உருவாகிவிடாது. இளமையில் ஒரே வரலாற்று நிகழ்வில் பங்குகொள்வதே அவர்களை ஒரு தலைமுறையாக்குகிறது என்பது அவர் வாதம்.

அமெரிக்காவின் பென்னிங்டன் மகளிர் கல்லூரியில் தியோடர் நியூகோம் 1930களில் ஆய்வு நடத்தினார். பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவியர் பலர், கல்லூரிச் சூழலில் முற்போக்குக் கருத்துகளுக்கு மாறினர். 1960களின் தொடக்கத்திலும் 1984இலும் மறுபடி கேட்டபோது, அவர்களுள் பெரும்பாலோர் அந்த நிலையிலேயே இருந்தனர். கென்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் 1965இல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களிடம் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களை 1973, 1982, 1997 எனத் தொடர்ந்தது. அத்தரவுகளை வைத்துப் பீட்டர்சன், ஸ்மித், ஹிப்பிங் ஆகியோர் 2020இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு இது: அரசியல் மனப்பாங்கு நீண்டகாலம் நிலையாகவே இருக்கிறது, மாறுகிற சிலருள், முற்போக்கிலிருந்து பழமைக்குச் செல்பவர்களே அதிகம்.

இம்முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த இயலாது. இங்கே மொழி, சாதி, இடஒதுக்கீடு, மாநில உரிமை, கடவுள் நம்பிக்கை, நலத்திட்டம் எனப் பல அச்சுகளில் அரசியல் சுழல்கிறது. இடது, வலது என்ற ஒற்றைக் கோடு அவற்றை அளக்கப் போதாது.

மாற்றத்தின் காரணங்கள்

*இளமைப் பதிவு.* 1965 போராட்டத்தில் மாணவர்களாக நின்றவர்களுள் 21 வயது நிரம்பியவர்கள் 1967 சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தனர். விருதுநகரில் 28 வயது மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், காங்கிரஸ் தலைவர் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்தில் காங்கிரஸ் அன்று இழந்த ஆட்சி அதற்குத் திரும்பவேயில்லை. அந்தத் தலைமுறை முதுமை அடைந்த பின்னும் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கை எல்லாப் பெரிய மாநிலக் கட்சிகளுக்கும் பொதுவாக நீடித்ததற்கு இளமைப் பதிவும் ஒரு காரணம்.

*சொத்தும் பொறுப்பும்.* சொந்த வீடு, வரி, பிள்ளைகளின் பள்ளி என்று வரும்போது, கொள்கைப் பேச்சைவிட வார்டுப் பிரச்சினை பெரிதாகிறது. ஆதம்பாக்கம் அடங்கிய ஆலந்தூர் நகராட்சி 1990களின் பிற்பகுதியில் திட்டமிட்ட பாதாளச் சாக்கடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீட்டு இணைப்புக்கு ரூ. 5,000 முன்வைப்பாகப் பொதுமக்களிடமே திரட்டப்பட்டது. குடியிருப்போர் நலச்சங்கங்கள் தெருத்தெருவாகப் பேசி மக்களை இணங்கவைத்தன. எந்தக் கட்சி அனுதாபியாக இருந்தாலும், பணம் கட்டியவர் குழாய் எப்போது வரும் என்று கேட்டார். வீட்டுக்காரர் ஆனவுடன் ஒருவரின் கொள்கை மாறிவிடுவதில்லை. ஆனால் ஆட்சியிடம் எதைக் கேட்க வேண்டும் என்ற வரிசை மாறுகிறது. 2011இல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மாமன்றத்தின் பதவிக்காலம் 2016இல் முடிந்தபின் 2022 வரை மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. இத்தகைய வார்டுக் கேள்விகளைக் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லாத ஆண்டுகள் அவை.

*ஓய்வூதியம்.* முதுமை எப்போதும் பழமைவாதத்தை நோக்கியே இழுக்கும் என்பது தவறு. ஓய்வூதியம், அரசு மருத்துவமனை, நியாயவிலைக் கடை ஆகியவற்றை நம்பியிருக்கும் முதியவர் அரசு அதிகம் செலவிட வேண்டும் என்றே விரும்புவார். அதிலும் தலைமுறைப் பிளவு உண்டு. தமிழ்நாட்டில் 1.4.2003க்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தனர். முன்னதாகச் சேர்ந்த சகஊழியருக்குப் பழைய ஓய்வூதியம். ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்த இருவரின் அரசியல் கோரிக்கை வேறுபடக் காரணம், பணியில் சேர்ந்த தேதி.

*அதிகாரமும் நிலைமையும்.* போராட்டத்தில் இருப்பவர் ஆட்சிக்கு வரும்போதும், நாடு போரைச் சந்திக்கும்போதும் நிலைப்பாடு மாறுவதைக் கீழ்க்காணும் தலைவர்களின் வாழ்க்கை காட்டுகிறது.

தலைவர்களின் வாழ்வில்

அண்ணா (1909–1969) 1962 மே மாதம் மாநிலங்களவையில் தனித் திராவிட நாடு கோரிக்கையை முன்வைத்தார். அதே ஆண்டு சீனப் போர் மூண்டது. 1963இல் பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் 16ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. அவருடைய திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.) கோரிக்கையைக் கைவிட்டது. ஆயினும் அதற்குப் பின்னால் இருந்த மொழி, மாநில உரிமைக் கவலைகளை அண்ணா விடவில்லை. முதல்வரானதும் 1968இல் இருமொழிக் கொள்கையைக் கொண்டுவந்தார். 53 வயதில் மாறியது வழி. குறிக்கோள் அப்படியே இருந்தது.

தியாகராய நகரில் வாழ்ந்த இராஜாஜி (1878–1972) 1938இல் சென்னை மாகாணப் பிரதமராகப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். பிற்காலத்தில் இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதைக் கடுமையாக எதிர்த்தார். 80 வயதில், 1959இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி கண்டார். ஆனால் மதுவிலக்கில் அவர் இம்மியும் அசையவில்லை. 1937இல் சேலத்தில் அதைக் கொண்டுவந்தவர், 1971இல் தளர்த்தப்பட்டபோது 92 வயதில் வேண்டாமென மன்றாடினார்.

ம.பொ. சிவஞானம் (1906–1995) காங்கிரஸ்காரராகச் சிறை சென்றவர்; 1946இல் தமிழரசுக் கழகம் கண்டவர்; திராவிட இயக்கத்தை எதிர்த்து மாநாடு நடத்தியவர். 1967இல் அவரே தி.மு.க. அணியில் தியாகராய நகரிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அந்தச் சட்டமன்றம்தான் 1967 ஜூலை 18 அன்று ‘தமிழ்நாடு’ பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழருக்குத் தம் பெயரில் ஒரு மாநிலம் என்ற அவருடைய கனவு, எதிர்த்து நின்றவர்களின் தோளில் ஏறி நிறைவேறியது.

கண்ணதாசனிடம் (1927–1981) நிகழ்ந்தது நம்பிக்கையின் ஆழத்தையே தொட்ட மாற்றம். தி.மு.க. மேடைகளில் நாத்திகம் பேசியவர், 1961இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறி, பின்னர் காங்கிரசில் சேர்ந்தார். ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதும் அளவுக்கு இறைநம்பிக்கையாளரானார். அரசியல் ஏமாற்றமும் நட்பு முறிவும் இதில் பெரும் பங்கு வகித்ததை அவருடைய தன்வரலாறான ‘வனவாசம்’ வெளிப்படையாகப் பதிவு செய்கிறது.

பெரியார் (1879–1973) இதற்கு நேரெதிர். 1925இல் காங்கிரசை விட்டார், நீதிக்கட்சிக்குத் தலைமையேற்றார், 1950களில் காமராசரை ஆதரித்தார், 1967க்குப் பின் தி.மு.க. ஆட்சியை ஆதரித்தார். கூட்டாளிகள் மாறினர், சாதி ஒழிப்பு மாறவில்லை. 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவிலும் சூத்திரப் பட்டத்தின் இழிவையே பேசினார். அப்போது அவருக்கு வயது 94. முதுமை மனிதரைத் தணித்துவிடும் என்ற பொதுவிதிக்கு இதைவிட வலிய மறுப்பு தமிழகத்தில் இல்லை.

கட்சி மாற்றமும் கருத்து மாற்றமும்

கட்சி மாற்றத்தையும் கருத்து மாற்றத்தையும் ஒன்றாகக் கருதுவது அடிக்கடி நேரும் பிழை. எம்.ஜி.ஆர். இளமையில் கதர் அணிந்த காங்கிரஸ் அனுதாபி. 1953இல் தி.மு.க.வில் சேர்ந்து, 1967இல் ஆதம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலையின் பெயரிலான தொகுதியில், குண்டடிபட்டு மருத்துவமனையில் இருந்தபடியே வென்றார். 1971இலும் அங்கேயே வென்றார். 1972இல் தனிக்கட்சி தொடங்கினாலும் அதற்கு அண்ணாவின் பெயரையே சூட்டினார். அவரைப் பின்தொடர்ந்த வாக்காளர்கள் கட்சியை மாற்றினார்கள்; தாங்கள் நம்பிய அண்ணாவை விட்டுவிட்டதாக அவர்கள் கருதவில்லை.

மதிப்பீடு

வயது தனியாக யாரையும் எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. வயதோடு வரும் வீடு, ஓய்வூதியம், பதவி, ஏமாற்றம் ஆகியவை தள்ளுகின்றன. அவற்றை எதிர்த்து நிற்கும் வலிமையை இளமையில் பெற்ற நம்பிக்கை தருகிறது. எனவே 61ஆவது திருத்தத்தால் 1989 முதல் 18 வயதில் வாக்குரிமை பெறும் இளைஞருக்கு, அந்த முதல் சில ஆண்டுகளில் நேர்மையான அரசியலைக் காணும் வாய்ப்பு கிடைக்க வேண்டும். கல்லூரிப் பேரவையும் வார்டுக் கூட்டமும் உள்ளாட்சித் தேர்தலும் தடையின்றி நடப்பது அதற்கு முதல் தேவை. அந்த வயதில் ஒருவருக்குப் பணப்பட்டுவாடா மட்டுமே அரசியலாக அறிமுகமானால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அந்தப் பாடமே அவருடன் வாக்குச்சாவடிக்குப் போகும்.