எழுத்தில் தெரிந்த அழுக்கு

2020 ஊரடங்கில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பால் பாக்கெட், காய்கறி எல்லாம் துடைத்த வேகத்தில், கைக்குப் போடும் சானிடைசரை கீபோர்டிலும் ஊற்றித் துடைத்துவிட்டேன். கிருமி செத்ததோ இல்லையோ, மறுநாள் ஸ்பேஸ் பாரை அமுக்கினால் திரும்ப எழும்பவில்லை. கை வறளக்கூடாது என்று அதில் கிளிசரின் சேர்ப்பார்கள். ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் எங்கே போகும்? பிசுபிசுவென்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஒவ்வொரு கீயாகக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் லோயர் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும்: மெஷின் எண்ணெய், ரிப்பன் மை, கூடவே கொஞ்சம் மண்ணெண்ணெய். முதல் பேட்ச் வருவதற்கு முன்பே எங்கள் மாஸ்டர் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

ஏன் அவ்வளவு அக்கறை? டைப்ரைட்டரில் அழுக்கு ஒளிய முடியாது. துணி ரிப்பனின் மையும் நூல் பிசிறும் அச்செழுத்தின் குழிகளில் அடைத்துக்கொள்ளும். ஆங்கில மெஷின் என்றால் சின்ன எழுத்து ‘ஓ’, ‘ஈ’ இரண்டுக்கும் வயிறு நிரம்பி, தாளில் கறுப்புப் பொட்டாக விழும். கடிதத்தைப் பார்த்தாலே மெஷின் எவ்வளவு அழுக்கு என்று சொல்லிவிடலாம். ரப்பரால் அழிப்பதற்கு முன் கேரேஜை ஓரமாகத் தள்ளச் சொல்வதும் இதற்காகத்தான், துகள் உள்ளே விழக்கூடாது. எழுத்தின்மேல் அமுக்கி எடுத்தால் மை ஒட்டிக்கொண்டு வருகிற, களிமண் மாதிரி ஒரு பசைகூட அந்தக் காலத்தில் விற்றார்கள். இன்று ஆன்லைனில் விற்கிற ‘கிளீனிங் ஜெல்’ அதற்குப் பேரன் முறை.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தக் கட்டாயம் போய்விட்டது. கீ எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் திரையில் எழுத்து பளிச்சென்று வருகிறதே! 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் கீ மூடிகளைக் கழற்றிக் கழுவலாம். பின்னால் வந்த சில மாடல்களில், சிந்திய காபி வடிய அடியில் துளைகூட வைத்தார்கள். பிறகு கீபோர்டு மலிவாகிவிட்டது. அழுக்கானால் வேறு வாங்கு, அவ்வளவுதான். ‘கரண்ட் சாமான், ஈரம் படக்கூடாது’ என்ற பயம் வேறு.

இதை மறுபடி யோசிக்க வைத்தது ஆஸ்பத்திரிதான். வார்டில் நோயாளியைத் தொட்ட கை கீபோர்டைத் தொடும், அங்கிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும். அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்லியம் ருட்டாலா குழுவினர் 25 கீபோர்டுகளைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆறு வகைக் கிருமிநாசினிகளும் 95 சதவீதத்துக்கு மேல் பாக்டீரியாவை அகற்றின. வேடிக்கை என்னவென்றால், ஒப்பிடுவதற்காக வைத்திருந்த வெறும் தண்ணீரும் அதே 95ஐத் தாண்டியது! அதாவது, பெரும்பங்கு வேலையைச் செய்வது மருந்தல்ல, அழுத்தித் துடைக்கும் கை. மாஸ்டரின் பிரஷ் ஞாபகம் வராமல் இருக்குமா? 300 தடவை துடைத்தும் அந்தக் கீபோர்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தும், கிருமிநாசினித் துணியால் துடைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் சொன்னது 2020 மார்ச்சில்தான்.

இப்போது நான் செய்வது இதுதான்: இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கவிழ்த்துத் தட்டி, பிரஷ் போட்டு, 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கிறேன். 99 சதவீதம் வேண்டாம். அது சீக்கிரம் பறந்துவிடும், கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும். துணியில்தான் ஊற்ற வேண்டும், கீபோர்டில் இல்லை.

ஸ்பேஸ் பார் மட்டும் இன்னும் லேசாக முனகுகிறது.