படம் எடுத்தவரும் படம் படித்தவரும்: கதிரியக்கவியல் பயிற்சியின் கதை

ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவரிட்ட "என்ன தெரியுது?" எண்டு கேட்டுப் பாருங்கோ. "டொக்டர் சொல்லுவார்" எண்ட பதில்தான் பெரும்பாலும் வரும். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதில்லை. வருசக்கணக்காகப் படம் எடுக்கிறவருக்கு முறிவு தெரியாமல் போகுமா? தெரியும், ஆனால் சொல்லுகிற உரிமை அவரிடம் இல்லை. எடுக்கிறது ஒருத்தர், படித்துச் சொல்லுகிறது இன்னொருத்தர். இந்தப் பிரிவு எப்பவும் இருந்தது போல எங்களுக்குத் தெரிகிறது. உண்மையில் அதற்கு நூறு வயதுதான். போதனா வைத்தியசாலைகளில் கதிரியக்கவியல் பயிற்சி எப்படி வந்தது என்ற கதையும் இந்தப் பிரிவின் கதையும் ஒன்றுதான்.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் ஒரு பௌதிகவியலாளர், வைத்தியர் இல்லை. கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமையும் எடுக்கவில்லை. அதனால் கண்ணாடிக் குழாயும் மின்சாரச் சுருளும் கையில் இருந்த எவரும் அடுத்த வருசமே படம் எடுக்கத் தொடங்கினார்கள். புகைப்படக்காரர், மின்பொறியியலாளர், மருந்துக் கலவையாளர் எண்டு எல்லாரும் வந்தார்கள். பாடநெறியும் இல்லை, பரீட்சையும் இல்லை.

சான்பிரான்சிஸ்கோவில் எலிசபெத் ஃபிளைஷ்மன் என்ற பெண் கணக்கெழுதும் வேலை பார்த்தவர். எக்ஸ்ரே பற்றி அறிந்து, தானே அதைக் கற்றுக்கொண்டு 1897இல் சொந்தமாக ஒரு எக்ஸ்ரே கூடம் திறந்தார். 1898 ஸ்பானிய - அமெரிக்கப் போரில் காயப்பட்ட சிப்பாய்களின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று வைத்தியர்களுக்குக் காட்டிக் கொடுத்தது அவர் எடுத்த படங்கள். அவரிடம் வைத்தியப் பட்டம் இல்லை. 1905இல் கதிர்வீச்சால் வந்த புற்றுநோய்க்காக அவருடைய கையை அகற்றினார்கள். அதே வருசம் இறந்துபோனார்.

பொஸ்டனில் வோல்டர் டொட் என்பவரின் கதையும் இதே மாதிரித்தான். லண்டனில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போனவர். ஹார்வர்ட் இரசாயன ஆய்வுகூடத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டே கற்றார். பிறகு மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் மருந்துக் கலவையாளர். அங்கே படமெடுக்கவும் தெரிந்தவர் அவர்தான் என்பதால் 1896இல் எக்ஸ்ரே வேலையும் அவர் தலையில் விழுந்தது. அந்த வருசத்துக்குள்ளேயே கைகள் வெந்தன. விரல்களை ஒவ்வொன்றாக வெட்டினார்கள், திரும்பத் திரும்பத் தோல் ஒட்டினார்கள். இதுக்கு நடுவில அவர் வைத்தியம் படித்து 1908இல் பட்டமும் எடுத்தார். 1916இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

இவர்களுக்கு ஆசிரியர் இல்லை. எவ்வளவு கதிர் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுத்தது சொந்தத் தோல்தான். 1936இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகர வைத்தியசாலை ஒன்றில் கதிர்வீச்சுக்குப் பலியானவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தபோது அதில் 169 பெயர்கள் இருந்தன. பிறகு அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. முறையான பயிற்சி ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு முதல் பதில் இந்தக் கல்.

இரண்டாவது காரணம் அதிகாரம். படமெடுக்கிறது புகைப்படக்காரன் வேலை எண்டு பல வைத்தியர்கள் நினைத்த காலம் அது. எக்ஸ்ரே வேலையில் இருந்த வைத்தியர்களுக்கு, தாங்கள் படக்காரர் இல்லை, நோயைக் கண்டுபிடிக்கிற நிபுணர்கள் என்று நிறுவ வேண்டியிருந்தது. 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வைத்தியர்களுக்கென்றே கதிரியக்கவியல் டிப்ளோமாப் பரீட்சையைத் தொடங்கியது. அதே வருசம் பிரித்தானியாவில் படம் எடுப்பவர்களும் தங்களுக்கொரு சங்கம் அமைத்தார்கள். சில வருசங்களுக்குள் அந்தச் சங்கம், வைத்தியரின் பணிப்பில் மட்டுமே வேலை செய்வோம் என்று தன் விதிகளை மாற்ற வேண்டி வந்தது. கோடு அங்கேதான் விழுந்தது. பிரித்தானிய முறையில் வளர்ந்த எங்கட ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் கேட்கிற "டொக்டர் சொல்லுவார்" அந்தக் கோட்டின் குரல்தான்.

அமெரிக்காவில் 1934இல் கதிரியக்கவியலுக்கான தேசிய பரீட்சைச் சபை உருவானது. பயிற்சிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவம் ஏற்கனவே இருந்தது. 1889இல் திறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், பயிலும் வைத்தியர்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருந்தார்கள். ரெசிடென்ட் என்ற சொல்லே அதில இருந்துதான் வந்தது. கதிரியக்கவியல் பயில வந்தவர் நாளின் பெரும்பகுதியை இருட்டிலதான் கழித்தார். மங்கலாக ஒளிரும் திரையில் உடம்பின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அதுக்காக அரை மணித்தியாலம் அளவில் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். பக்கத்தில் மூத்த வைத்தியர் இருப்பார். அவர் பார்ப்பதை இவரும் பார்க்கப் பழகுவார். அப்பயிற்சியில் பாதி இதுதான்.

இந்தக் கோடு ஒரு கதவையும் சாத்தியது. ஃபிளைஷ்மன் போன்ற ஒருவர் இனி அந்த அறைக்குள் படிப்பவராக வர முடியாது. பட்டம் எடுக்கிற வசதி இல்லாதவருக்குக் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அவர் எடுப்பவர் மட்டும்தான். நோயாளியின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்டது பொய்யில்லை. அதே நேரம் அது ஒரு தொழிலின் வேலியாகவும் இருந்தது. பிரித்தானியாவிலேயே 1990களுக்குப் பிறகு, மேலதிகப் பயிற்சி பெற்ற படமெடுப்பவர்கள் சில வகைப் படங்களுக்கு ரிப்போர்ட் எழுதத் தொடங்கினார்கள். வேலி கல்லில் எழுதியது இல்லை என்பதற்கு இது சாட்சி.

சரி, பயிற்சி பெற்ற கண் பிழை விடாதா? அதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1949இல் ஹென்றி கார்லண்ட் என்ற கதிரியக்கவியலாளர் தன் துறையையே சோதனைக்கு எடுத்தார். நோய் இருக்கும் நெஞ்சுப் படங்களில் ஏறத்தாழ 30 வீதத்தை அனுபவசாலிகளே தவறவிட்டார்கள் என்று எழுதினார். ஒரே படத்தைக் கொஞ்ச நாள் கழித்து அதே வைத்தியருக்குக் காட்டினால் சில வேளை அவர் தன்னோடேயே முரண்பட்டார். பலருக்கு இது கசந்தது.

எங்களுக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. போதனா வைத்தியசாலையில் பயிலுநர் முதலில் படத்தைப் பார்த்து வரைவு எழுதுவார். பிறகு நிபுணர் அதே படத்தை அவரோடு திரும்பப் பார்த்து, திருத்தி, ஒப்பமிடுவார். பிழையே விடாத கண் என்று ஒன்று இல்லை. ஒருத்தரின் பார்வையை இன்னொருத்தர் கேள்வி கேட்கிற பழக்கத்தைத்தான் அந்தப் பயிற்சி உண்டாக்குகிறது. டொட்டுக்கும் ஃபிளைஷ்மனுக்கும் கிடைக்காமல் போனது, பக்கத்தில் இருந்து "நில்லு, திரும்பப் பார்" எண்டு சொல்ல ஒரு ஆள்.

எங்கட நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980இல் உருவானது. அதற்கு முந்திய தலைமுறை நிபுணத்துவத்துக்குப் பெரும்பாலும் இங்கிலாந்தைத்தான் நம்பியிருந்தது. இன்றும் விசேட நிபுணராவதற்கு வெளிநாட்டுப் பயிற்சிக் காலம் ஒன்று இருக்கிறது. போனவர் எல்லாரும் திரும்பி வருவதில்லை. திரும்பாத ஒவ்வொருவரோடும் இங்கே இன்னொரு பயிலுநரின் பக்கத்தில் இருக்கவேண்டிய கதிரை ஒன்றும் வெறுமையாகிறது.

2016இல் செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன், கதிரியக்கவியலாளர்களைப் பயிற்றுவிப்பதை இப்பவே நிறுத்த வேண்டும் என்று சொன்னார். யாரும் நிறுத்தவில்லை. இயந்திரம் மனிதரை விட நன்றாகப் பார்க்குமா என்று நாங்கள் அடிக்கடி விவாதிக்கிறம். பார்க்கலாம். அது பிழையாகப் பார்க்கிற நாளில் "திரும்பப் பார்" எண்டு சொல்லக்கூடிய ஆளை எங்கே, யார் பக்கத்தில் இருத்திப் பழக்கப் போகிறம்?